பொதியைப் பிரிக்காமல் ஒரு பக்கம்

சென்ற மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "சார், புத்தகம் முக்கால்வாசி இறங்கிடுச்சு. அப்புறம் சிக்னல் போயிடுச்சு. இப்ப ஒரு பக்கம்கூடத் திறக்கலையே!" என்றான். மூட்டையில் முக்கால் பங்கு அரிசி வந்தால் முக்கால் பங்கு சோறாவது ஆக்கலாமே என்பது அவன் வாதம்.

அது 'ஈபப்' வகை மின்னூல். தமிழ் நூல்கள் பல இவ்வடிவில் கிடைக்கின்றன. ஈபப் என்பது உண்மையில் ஒரு 'ஜிப்' பொதிதான். அத்தியாயங்களும் படங்களும் தனித்தனிக் கோப்புகளாக அதனுள் அடங்கியிருக்கும். அமெரிக்கர் ஃபில் காட்ஸ் 1989-இல் வகுத்த முறை இது.

கோப்புகள் எப்படிச் சுருங்குகின்றன? 'மதுரை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். யுனிகோடு கணக்கில் இது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என 5 குறியீடுகள். வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 15 பைட். அவற்றுள் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்தை உண்மையில் வேறுபடுத்துகிறது! இப்படித் திரும்பத் திரும்ப வருவதை மீண்டும் எழுதாமல், "இத்தனை பைட் பின்னே சென்று, இவ்வளவு நீளம் எடுத்துக்கொள்" என்று குறித்தால் போதும். லெம்பெல், ஸிவ் இருவரும் 1977-இல் வெளியிட்ட கருத்து இது. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியீடு தரும் ஹஃப்மனின் 1952-ஆம் ஆண்டு முறையும் இதனுடன் சேர்கிறது.

ஜிப் பொதியில் ஒவ்வொரு கோப்பும் தனியாகவே சுருக்கப்படுகிறது. எது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற அட்டவணை பொதியின் கடைசியில் இருக்கிறது. பின்னால் புதுக் கோப்பு சேர்க்க வசதி என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே மின்னூல் தளத்தை இயக்கும் நிரல், முதலில் வாலைப் படிக்கும். வேண்டிய கோப்பின் இடத்திற்குத் தாவும். அதை மட்டும் விரிக்கும். ஆயிரம் நூல்களின் அட்டைப் படங்களைக் காட்ட ஆயிரம் பொதிகளையும் முழுதாகப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கோப்பின் நடுவில் தாவ முடியாது. பின்னே பார்த்து நகலெடுக்கும் முறையாயிற்றே! அதன் தொடக்கத்திலிருந்துதான் விரிக்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. '42.ஜிப்' என்றொரு பெயர்பெற்ற பொதியின் அளவு சுமார் 42 கிலோபைட்தான். பொதிக்குள் பொதியாக அதை முழுதும் விரித்தால் ஏறத்தாழ 45 இலட்சம் ஜிகாபைட்! அட்டவணை சொல்லும் அளவும் பொய்யாக இருக்கலாம். ஆதலால் நல்ல நிரல், வெளிவரும் பைட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்து, வரம்பு மீறினால் நிறுத்திவிடும்.

மாணவன் கதைக்கு வருவோம். அவனுக்கு வராமல் போன கால்பகுதியில்தான் அட்டவணை இருந்தது. நல்லவேளையாக, ஒவ்வொரு கோப்பின் முன்னும் அதன் பெயர் தாங்கிய சிறு தலைப்பு ஒன்றும் உண்டு. பழுது நீக்கும் நிரல் ஒன்றை ஆய்வகக் கணினியில் ஓட்டினோம். அது தலைப்புகளை முன்னிருந்து தேடிப் பிடித்தது. பதினோரு அத்தியாயங்கள் முழுதாகக் கிடைத்தன. பன்னிரண்டாவது ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது.