எப்படிக் கண்டுபிடித்தாய்?

குறுவை அறுவடை சமயத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் நெல் காய்வதைப் பார்க்கலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மழை அதிகமான ஆண்டுகளில் அதைத் தளர்த்துவதும் உண்டு. அதனால்தான் விவசாயிகள் ஒரு கண் வானத்திலும் ஒரு கண் நெல்லிலுமாகக் கிளறிவிட்டுக் காயவைக்கிறார்கள்.

'காயும்போது நெல்லின் எடை எவ்வளவு குறையும்?' அருமையான ஆய்வுக் கேள்வி இது. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் இப்படிப்பட்ட உள்ளூர்க் கேள்விகளுக்குத்தான் இடம். 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகள் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்தது.

ஆய்வு செய்வதில் பிள்ளைகளுக்கு உற்சாகம்தான். கட்டுரை எழுத உட்கார்ந்ததும் பேனா நகராது. 'இந்தியா ஒரு விவசாய நாடு' என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிடுவார்கள். முதல் வரைவை முன்னுரையில் தொடங்கவே வேண்டாம். நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் தெரியுமா? நம் காவிரி டெல்டாவில் வளர்ந்த ஒரு மேதையின் கதையைக் கேளுங்கள். கணிதமேதை ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும் கும்பகோணத்தில். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையாலேயே அழித்துவிட்டு மேலே போவார். கிடைத்த விடையை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். 1911இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அது எளிதில் அச்சேறவில்லை. வழிமுறை புதியது, ஆனால் படிப்பவர் பின்தொடர முடியாத அளவுக்குச் சுருக்கமாக இருந்தது. இதழின் ஆசிரியர் நாராயண ஐயங்கார் அதைத் திருப்பி அனுப்பித் திருத்தி எழுதவைத்தார்.

அந்த நோட்டுகள் என்ன ஆயின? அவற்றில் உள்ள ஆயிரக்கணக்கான முடிவுகளுக்கு நிரூபணம் தேடிக் கணித அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அமெரிக்கரான புரூஸ் பெர்ன்ட் அந்தப் பணியை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதி 1985இல் வந்தது, ஐந்தாவது 1998இல். சிலேட்டில் அழிந்த படிகளை மறுபடி கண்டுபிடிக்க அவ்வளவு காலம்! ராமானுஜனுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்கிறது. அதனால் 'எப்படி' என்பதை அழியவிடக் கூடாது.

சரி, நம் நெல்லுக்கு வருவோம். முதல் வரைவில் இப்படி எழுதலாம்: 'இன்ன ரகம், இன்ன தேதியில் அறுத்தது. ஒரு கிலோ எடுத்தோம். படுதாவில் இத்தனை விரல் கனத்தில் பரப்பினோம். காலை 9 மணிக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போட்டோம்.' அலங்காரம் வேண்டாம். இதைப் படிக்கிற இன்னொரு பள்ளி மாணவி அதே சோதனையைச் செய்துபார்க்க முடிந்தால் போதும், அது நல்ல எழுத்து.

அடுத்து, பார்த்ததைப் பார்த்தபடி அட்டவணையாக எழுதுங்கள். மாலையில் இருந்ததைவிட மறுநாள் காலையில் எடை கூடியிருக்கிறதா? 'தப்பாகப் போட்டுவிட்டோம்' என்று அடித்துவிடாதீர்கள். நெல் காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். இரவில் மூடிவைத்தீர்களா, பனி பெய்ததா என்று பக்கத்தில் குறியுங்கள். உங்கள் கட்டுரையின் மிக முக்கியமான வரி அதுவாகவே இருக்கலாம்.

கணக்கையும் முழுதாக எழுதுங்கள். 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ நெல்லில் தண்ணீர் 200 கிராம், மீதி 800 கிராம். ஈரம் 17 சதவீதமாக வேண்டும் என்றால் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும்? '30 கிராம்' என்றுதான் சட்டென்று தோன்றும். எழுதிப் பாருங்கள். 30 கிராம் போனபின் தண்ணீர் 170, மொத்தம் 970. வகுத்தால் 17.5 சதவீதம் வருகிறது! தண்ணீர் குறையும்போது மொத்த எடையும் குறைகிறதல்லவா? 800 கிராம்தான் 83 சதவீதம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 964 கிராம். ஆக, போக வேண்டியது 36 கிராம். 40 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மனக்கணக்கில் நழுவியது தாளில் பிடிபட்டுவிட்டது.

வரைவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விட்டுப்போனதைக் காட்டிக்கொடுப்பது. 'எத்தனை முறை கிளறினோம்' என்று எழுதும்போதுதான், அதைக் குறிக்கவே இல்லை என்று தெரியவரும். அங்கே ஒரு கட்டம் போட்டு 'அளக்க வேண்டும்' என்று எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். நெல் களத்தில் இருக்கும்போதே இதைச் செய்தால் மறுநாளே அளந்துவிடலாம். கொள்முதல் முடிந்து, மூட்டை லாரியில் ஏறிய பிறகு எழுத உட்கார்ந்தால் அடுத்த போகம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காரணங்களை அதன்பின் யோசியுங்கள். முன்னுரையும் முடிவுரையும் கடைசியில் தானாக வரும். சார்லஸ் டார்வின் தன் பரிணாமக் கருத்தை 1842இல் பென்சிலால் 35 பக்கங்களில் எழுதிப்பார்த்தார். 1844இல் அது 230 பக்கமாக வளர்ந்தது. புத்தகமாக வெளிவந்தது 1859இல். முதல் வரைவு குறையோடு இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

எழுதி முடித்ததும் உங்கள் ஆய்வைப் பற்றி ஒன்றுமே தெரியாத நண்பனிடம் கொடுங்கள். 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று அவன் எந்த இடத்தில் கேட்கிறானோ, அங்கே இன்னும் இரண்டு வரி சேருங்கள். இந்தப் போகத்து நெல் காயும்போதே தராசோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்!