அடுத்த வீட்டுக் குழந்தையும் நம் வீட்டுக் குழந்தையும்

“அடுத்த வீட்டுப் பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டது. நம் பிள்ளை இன்னும் உட்காரக்கூட இல்லையே!”

தலைப்பிள்ளை பெற்ற தாயின் வாயிலிருந்து இந்தக் கவலை வராத வீடு உண்டா? ஜாசின் பக்கத்துத் தோட்டத்து லயமானாலும் சரி, மலாக்கா நகரத்துத் தாமான் வீடானாலும் சரி, கவலை ஒன்றுதான். பதில் சொல்லவும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. “உன் புருஷனும் அப்படித்தான், மெதுவாத்தான் நடந்தான்” என்பார் மாமியார். “கண்ணு பட்டிருக்கும், மிளகாய் சுத்திப் போடு” என்பார் எதிர்வீட்டு அக்கா. கைத்தொலைபேசியைத் திறந்தாலோ, ஆறாம் மாதத்திலேயே எழுந்து நிற்கிற பிள்ளைகளாகப் பார்த்துக் காட்டி நம் வயிற்றில் புளியைக் கரைக்கிறார்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி எது, சரியில்லாத பாதி எது என்று தெரிந்துகொள்வதில்தான் ஒரு குழந்தையின் வாழ்க்கையே சில வேளைகளில் அடங்கியிருக்கிறது.

தோட்டங்கள் செழிப்பாக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போகிற தாய், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவாள். கொட்டகையில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஆயாம்மா பள்ளிக்கூடம் போனவராக இருக்கமாட்டார். ஆனால் அவர் கண்ணெதிரே ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஒன்று ஏழாம் மாதத்தில் தவழும். ஒன்று பத்தாம் மாதத்தில் தவழும். இன்னொன்று தவழாமலே பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து, ஒரு நாள் தூணைப் பிடித்து எழுந்து நின்றுவிடும். இத்தனையையும் வருடக்கணக்காகப் பார்த்த அந்தக் கண்ணுக்கு எது இயல்பு என்று தெரியும். எந்தப் பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்றும் பல வேளைகளில் தெரிந்துவிடும்.

பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தக் கண் நமக்கு இல்லாமல் போயிற்று. இன்றைய தாய்க்குத் தெரிந்த குழந்தைகள் இரண்டே இரண்டு: தன் குழந்தை, அடுத்த வீட்டுக் குழந்தை. இரண்டை வைத்து ஒப்பிட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஆயாம்மா கண்ணால் அளந்ததை உலகச் சுகாதார நிறுவனம் கணக்கெடுத்து அளந்தது. இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஆதரவில்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்வது 5 மாதத்திலிருந்து பதிமூன்றரை மாதத்துக்குள். பிடியில்லாமல் தனியே நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். நலமாக வளரும் குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேர் இந்த எல்லைகளுக்குள் வந்துவிடுகிறார்கள். நடைக்கு மட்டும் ஒன்பது மாத இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள்! பத்தாம் மாதத்தில் நடந்த பிள்ளையும் பதினாறாம் மாதத்தில் நடந்த பிள்ளையும் நல்ல பிள்ளைகள்தாம். நூற்றில் நான்கைந்து குழந்தைகள் முழங்காலில் தவழவே இல்லை என்பதையும் அந்த ஆய்வு கண்டது. மாமியார் சொன்ன சரியான பாதி இதுதான்.

நம் முன்னோருக்கும் இது தெரியாத சங்கதியல்ல. பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகை நமக்கு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் அவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள பழைய நூல். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுவது அதன் முறை. அதில் செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். பொதுவாக ஐந்தாம் மாதம் என்பார்கள். சப்பாணி என்பது உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது, ஒன்பதாம் மாதம். வருகை என்பது தளர்நடையாக நடந்து வரச்சொல்லி அழைப்பது, ஓராண்டை ஒட்டி. இந்த மாதக் கணக்கிலும் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. குழந்தையை உற்றுப் பார்த்தவர்கள்தாம் இப்படிப் பிரித்திருக்க முடியும். குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், பல் முளைத்தால் பல் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் தேங்காய் என்று நம் வீடுகளில் செய்வதும் ஒரு வகையில் நாள் குறித்து வைப்பதுதான்.

இப்போது மற்றப் பாதிக்கு வருவோம்.

“பிள்ளை இன்னும் பேசலியா? எங்க வீட்டுல எல்லாரும் லேட்டுத்தான். ஆம்பிளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்.” இந்த ஆறுதல் வார்த்தையால் வீணான வருடங்களுக்குக் கணக்கே இல்லை. நடை தாமதமானால் ஊர் முழுக்கக் கண்ணில் படும். காது கேளாமை யார் கண்ணிலும் படாது.

செவிப்புலன் இல்லாத குழந்தையும் முதல் மாதங்களில் “ஆ... ஊ...” என்று மழலை ஒலி எழுப்பும், சிரிக்கும், முகம் பார்க்கும். ஆகவே தாய்க்குச் சந்தேகமே வராது. வித்தியாசம் தெரிவது ஆறு மாதத்துக்குப் பிறகு. மற்றக் குழந்தைகள் “பாபா, மாமா, தாத்தா” என்று எழுத்துகளைக் கோத்து அடுக்கத் தொடங்கும் நேரத்தில் இந்தக் குழந்தை அடுக்காது. வீட்டிலுள்ளோர் சோதனை செய்கிறேன் என்று தட்டைத் தட்டுவார்கள், கதவை அறைவார்கள். கோயில் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கும்போது குழந்தை திடுக்கிட்டதைச் சொல்லி, “காது நல்லாக் கேக்குதே!” என்பார்கள். மேளத்தின் அதிர்வு உடம்பிலே தெரியும். கதவை அறைந்தால் காற்றும் அசையும். பேச்சைக் கற்றுக்கொள்ள அந்தச் சத்தம் கேட்டால் போதாது. தாய் மெல்லச் சொல்லும் ‘க’வும் ‘ச’வும் ‘த’வும் தனித்தனியே கேட்க வேண்டும்.

எனவே குழந்தையின் பின்பக்கமாக, அதன் கண்ணில் படாமல், சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒன்பது மாதக் குழந்தை திரும்ப வேண்டும். ஒருநாள் திரும்பாவிட்டால் விளையாட்டுக் கவனம் என்று விடலாம். பல நாள் பார்த்தும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். காதுச் சோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பச்சைக் குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவி முதலான உதவி என்பது செவிப்புல மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் காலம் குழந்தைப் பருவத்தின் தொடக்கம். மூன்று வயதுவரை “பேசிடும், பேசிடும்” என்று காத்திருந்தால், பிறகு கருவி மாட்டினாலும் இழந்ததை மீட்பதற்குப் பெரும்பாடு படவேண்டும்.

பிறந்த உடனே வரும் மஞ்சள் காமாலையையும் இந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் அளவு மீறி ஏறினால் மூளையைத் தாக்கும். காதையும் கை கால் அசைவையும் கெடுக்கும். இதனால்தான் மிஸி வீடு தேடி வந்து பார்க்கிறார், இரத்தம் எடுக்கச் சொல்கிறார். வெயிலில் காட்டினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. நம் நாட்டு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாட்டையும் தைராய்டு குறையையும் சோதிக்கிறார்கள். நொதிக் குறைபாடு இருப்பதாகச் சொல்லியிருந்தால், துணி அலமாரியில் போடும் நாப்தலீன் பாச்சை உருண்டையை வீட்டைவிட்டே அகற்றிவிடுங்கள். தைராய்டு குறையோ, முதல் வாரங்களிலேயே மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். தாமதித்தால் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். சோதனை முடிவைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் நாலு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் போதும். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இன்னொரு சங்கடம். நம் நாட்டில் பிரசவ விடுப்பு 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் 98 நாள் ஆயிற்று. தகப்பனுக்கும் 7 நாள் உண்டு. 98 நாள் என்றால் குழந்தைக்கு மூன்று மாதம் கடந்து ஒரு வாரம். முகம் பார்த்துச் சிரிக்கிற பருவம். குப்புற விழுவதையும், உட்காருவதையும், “பாபா” சொல்வதையும் பகலில் முதலில் பார்க்கப்போவது பாட்டியோ, பிள்ளை பார்க்கும் அம்மாவோதான். அவரிடம் மாலையில் “பால் குடித்தானா, தூங்கினானா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். “இன்று என்ன புதிதாகச் செய்தான்? கூப்பிட்டால் திரும்புகிறானா? இரண்டு கையாலும் பொருளை எடுக்கிறானா?” என்றும் கேளுங்கள். ஒரு வயதுக்கு முன்னால் எப்போதும் ஒரே கையை நீட்டுகிற குழந்தையை இடக்கைப் பழக்கம் என்றோ வலக்கைப் பழக்கம் என்றோ எண்ணிவிடக் கூடாது. மற்றக் கையில் பலக்குறைவு இருக்கலாம்.

பார்த்துக்கொள்பவரிடம் சொல்ல வேண்டிய மற்றொன்று தொட்டில். ஸ்பிரிங் மாட்டிய சாரோங் தொட்டிலில் பிள்ளை சுகமாகத் தூங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழித்திருக்கும் பிள்ளையும் நாள் முழுக்க அதிலேயே கிடந்தால் கழுத்தைத் தூக்குவதற்கும் புரளுவதற்கும் இடம் ஏது? தூங்கும்போது சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். விழித்திருக்கும்போது பாய் விரித்து, பக்கத்தில் ஆள் இருந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். சக்கரம் வைத்த வட்ட நடைவண்டி வேண்டவே வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை, படியில் உருட்டிவிடுகிறது. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் தாத்தாக்கள் மரத்தில் செய்து கொடுத்த தள்ளுவண்டி வேறு சங்கதி. தானாக எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை பிடித்துத் தள்ளுவது அது.

செலவில்லாத மருந்து ஒன்று உண்டு: பேச்சு. 1980இல் டீகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட குழந்தைகளின் வாயில் ரப்பர்க் காம்பைக் கொடுத்து, சப்பும் விதத்துக்கேற்பத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும்படி செய்தார்கள். தாயின் குரல் வரும்படியாகக் குழந்தைகள் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன! ஆகவே “அதுக்கு என்ன புரியும்?” என்று சும்மா இருக்காதீர்கள். குளிப்பாட்டும்போது, சோறு வடிக்கும்போது, கோழிக்குத் தீனி போடும்போது எல்லாம் தமிழில் பேசுங்கள். தாலாட்டுத் தெரியாவிட்டால் தெரிந்த சினிமாப் பாட்டு போதும். திரையில் ஓடும் படம் இதற்கு ஈடாகாது. குழந்தை “ஊ” என்றால் படம் பதில் சொல்லாதே!

மருத்துவரிடம் போவது எங்கே, எப்போது? வெகுதூரம் போகவேண்டியதில்லை. தடுப்பூசிக்கென்றே 2, 3, 4, 5, 6, 9, 12, 15, 18 மாதங்களில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறோம். மெர்லிமாவிலோ, செலாண்டாரிலோ, மஸ்ஜித் தானாவிலோ வரிசையில் காத்திருந்து, ஊசி போட்டதும் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுகிறோம். கையிலிருக்கும் குழந்தை நலப் பதிவேட்டில் எடைக் கோடு மட்டுமல்ல, எந்த வயதில் என்ன செய்கிறது என்று குறிக்கும் பக்கமும் உண்டு. அதைத் திறந்து மிஸியிடம் காட்டுங்கள். இரண்டு மாதம் கடந்தும் முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை, ஒன்பது மாதம் முடிந்தும் ஆதரவின்றி உட்காராத குழந்தை, பதினெட்டு மாதத்தில் நடக்காத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாத குழந்தை என்றால் கேட்டே ஆக வேண்டும். உடம்பு துவண்டு கிடந்தாலும், விறைத்துக்கொண்டாலும் அப்படியே. சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை, செய்துகொண்டிருந்த காரியத்தைக் குழந்தை மறந்துவிட்டால் அடுத்த ஊசித் தேதிவரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

கடையில் மலாய் சரளமாகப் பேசுகிற நம் பெண்கள் கிளினிக்கில் மட்டும் வாயடைத்துப் போகிறார்கள். நீளமாகப் பேச வேண்டாம். “அனாக் சாயா பெலும் பண்டாய் டூடோக்” என்றால் என் பிள்ளை இன்னும் உட்காரவில்லை. “பில்லா பாங்கில், டியா தா தோலே” என்றால் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் குழந்தை செய்வதைக் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கிளினிக்கில் அது அழுதுகொண்டுதான் இருக்கும்.