நாற்றோடு ஒரு கூடை மண்

பைன் மரத்தின் நுனிவேரைத் தோண்டியெடுத்து, மண் போகக் கழுவிப் பார்த்தால், கவை பிரிந்த குட்டை வேர்களின் மேல் உறை போட்டதுபோல வெள்ளைப் படலம் தெரியும். அது வேரின் தோல் அல்ல, பூஞ்சை. அதிலிருந்து கிளம்பும் இழைகள் வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளில் புகுந்து, நீரையும் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துகளையும் மரத்துக்குக் கொண்டுவருகின்றன. கூலியாக, இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கு கீழே இறங்குகிறது. ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் 1885-இல் இந்தக் கூட்டுக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். நம் உழவர்கள் நாற்றங்காலில் இடும் ‘வேம்’ உயிர் உரமும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான். ஆனால் அது வேருக்கு உறை போடாமல் உள்ளே செல்களுக்குள் புகுந்துகொள்ளும் வகை.

இந்தப் பூஞ்சை இல்லாத மண்ணில் மரம் நட்டால் என்ன ஆகும் என்பது போர்ட்டோ ரிக்கோவில் தெரிந்தது. அந்தக் கரீபியத் தீவில் இயல்பாகப் பைன் கிடையாது; அதற்குரிய பூஞ்சையும் கிடையாது. 1930-களிலிருந்தே அங்கே பைன் வளர்க்கப் பார்த்தார்கள். விதை முளைக்கும், நாற்று வெளிறி, குன்றி, மடிந்துபோகும். 1955-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து நாற்றடியில் இட்ட பிறகுதான் மரங்கள் தேறின.

காட்டை மீட்பவர்கள் இன்று கையாளும் முறைக்கும் இதுவே அடிப்படை. சுரங்கம் தோண்டிய நிலத்திலும், மேல்மண் அரித்துப்போன சரிவிலும் மரத்தோடு பூஞ்சையும் அழிந்திருக்கும். எனவே அருகிலுள்ள பழைய காட்டின் மண்ணில் கொஞ்சம் எடுத்து நாற்றுப் பையில் கலக்கிறார்கள். புட்டியில் விற்கும் கலவைகளைவிட இதுவே நம்பகமானது. அந்த ஊர் மரத்துக்குப் பழகிய பூஞ்சை அந்த மண்ணில்தான் இருக்கிறது.

இந்தப் பூஞ்சை மண்ணில் கார்பனைச் சேர்க்கும் என்ற கணக்கில்தான் நிதானம் வேண்டும். தாவரங்கள் ஆண்டுதோறும் வேர்ப்பூஞ்சைகளுக்குக் கொடுக்கும் கார்பன் சுமார் 1,300 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றை எரிப்பதால் ஓராண்டில் வெளியாவதில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் இது வரவு மட்டுமே, இருப்பு அல்ல. பூஞ்சையும் மூச்சு விடுகிறது. அந்த வழியில் ஒரு பகுதி காற்றுக்கே திரும்பிவிடும். செத்த இழைகளும் அவற்றின் கழிவும் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டால் அந்தப் பகுதி நெடுங்காலம் மண்ணில் தங்கும்.

இடம் மாறினால் கணக்கும் தலைகீழாகும். ஈக்வடாரின் உயர்மலைப் புல்வெளிகளில் வெளிநாட்டுப் பைன் நடப்பட்டபோது அதன் பூஞ்சையும் கூடவே வந்தது. காளான்கள் ஏற்றுமதி செய்யும் அளவுக்கு முளைத்தன. புல் பல காலம் சேர்த்து வைத்திருந்த மண் கார்பனையோ அந்தப் பூஞ்சை கரைக்கத் தொடங்கியது. 2001-இல் வெளியான ஆய்வின்படி, இருபது ஆண்டுகளுக்குள் அதில் 30 சதவீதம் வரை குறைந்திருந்தது.