கோட்டைக் காற்றும் முன்னந்தலையும்

வட்டக்கோட்டை மதில் மேல் ஏறியதும் கடலைப் பார்ப்பதற்கு முன்பே கை தலைக்குப் போய்விடும். கன்னியாகுமரியிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, கடலை ஒட்டி நிற்கும் கருங்கல் கோட்டை; காற்றுக்குத் தடுப்பே கிடையாது. இடது காதோரத்து முடியை நீளமாக வளர்த்து, எண்ணெய் வைத்து, உச்சி வழியாக வலது காது வரை படிய வாரிக்கொண்டு வருகிறவர்களுக்கு இங்கே சோதனைதான். போன மாதம் ஒருவருக்கு அது பெட்டி மூடி மாதிரி அப்படியே எழுந்து நின்றது. செல்பி எடுத்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, முடி!" என்று கத்தினாள்.

சிரிக்கிற நிலையில் நானும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன் அன்றைக்கு அதே மதிலில் இரண்டடி தள்ளி நின்றான். என்னைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான். நான் சிரித்த பிறகுதான், "லேய் மக்கா, நீயா? ஆளே மாறிட்டியேடே!" என்றான்.

கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பின்னே எது மாறியது?

1996இல் பவன் சின்ஹா, தொமாசோ போஜியோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். அமெரிக்க அதிபர் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் சேர்ந்து நிற்கும் படத்தில், கோரின் கண், மூக்கு, வாயை எடுத்துவிட்டுக் கிளின்டனுடையதை ஒட்டினார்கள். கோருடையதாக மிஞ்சியது முடியும் தலையின் விளிம்பும்தான். படத்தில் இரண்டு கிளின்டன் இருப்பதைக் கவனிக்காமல், இவர் கிளின்டன், அவர் கோர் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவ்வளவு வேலையை முடி பார்க்கிறது. ஆனால் பழகிய முகமென்றால் கதை வேறு. நன்றாகத் தெரிந்தவர்களைக் கண், மூக்கு, வாயை வைத்தே அதிகம் அடையாளம் காண்கிறோம் என்று 1979இல் ஆய்வாளர் ஹேடன் எல்லிஸும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். முன்பின் தெரியாதவர் முகத்தில்தான் முடிக்குப் பங்கு கூடுதல். வழுக்கையால் ஆள் மாறுவது தெருவுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. என் முடி போனது எங்கள் அம்மாவுக்கு உறைத்ததே கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய அன்றுதான்.

முடி 'கொட்டிவிட்டது' என்கிறோமே, அதிலேயே ஒரு தவறு இருக்கிறது. தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்ந்திருந்து, உதிர்ந்து, அதே குழியிலிருந்து மறுபடி முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆண் வழுக்கையில் நடப்பது வேறு: ஒவ்வொரு சுற்றிலும் குழி சுருங்குகிறது, வளரும் காலம் குறைகிறது, முடி மெலிகிறது. கடைசியில் மிஞ்சுவது பூனைமுடி. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒரு வழுக்கைத் தலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள், பொன்னிறமாய் மினுங்கும்.

குழியைச் சுருக்குவது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், தாடியை வளர்ப்பதும் இதே ஹார்மோன்தான். மோவாயில் உரம், முன்னந்தலையில் விஷம்! பிடரி முடியை அது தொடுவதில்லை. பெயர்த்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது என்று நார்மன் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர் 1959இல் காட்டினார். இன்று தெருத்தெருவாக விளம்பரம் செய்யும் முடி நடவு எல்லாம் அதன் பேரில்தான் நடக்கிறது. அம்மா வழித் தாத்தாவைத் திட்டுவது பாதி நியாயம்: முக்கியமான ஒரு மரபணு தாயிடமிருந்து வருகிறது, மற்றவை இரண்டு பக்கமிருந்தும்.

வட்டக்கோட்டையைத் திருவிதாங்கூருக்காக வலுப்படுத்தியவர், 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய். அவர் காலத்து ஐரோப்பாவில் பெரிய மனிதர்களுக்குப் பொய்முடி. இளவயதிலேயே முடி இழந்த பிரெஞ்சு மன்னர் 13ஆம் லூயி தொடக்கிவைத்த வழக்கம். இங்கே பின்குடுமிக்காரர்கள் முன்னந்தலையைத் தாங்களே மழித்துக்கொண்டார்கள். நெற்றி ஏறியதா, நாவிதர் ஏற்றினாரா, யார் கண்டது? கிராப்பு வந்த பிறகுதான் வழுக்கை அம்பலமானது.

மொட்டையடித்த ஆண்களைப் பார்ப்பவர்கள் கூடுதல் உயரமாகவும் பலமாகவும் மதிப்பிட்டார்கள் என்று 2012இல் ஆல்பர்ட் மான்னஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டார். பாவம், அவர் நாகர்கோவிலுக்கு வந்ததில்லை. இங்கே மொட்டையோடு தெருவில் இறங்கினால், "திருச்செந்தூரா, பழனியா?" என்பார்கள்.

அசூயைக்கும் கஷண்டிக்கும் மருந்தில்லை என்பது மலையாளப் பழமொழி. கஷண்டி என்றால் வழுக்கை; அதற்கு இப்போது ஓரளவு மருந்து உண்டு: ரத்தக்கொதிப்பு மாத்திரையாகப் பிறந்த மினாக்சிடில், புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த பினாஸ்டெரைடு. முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே பலன் தெரிய மாதக்கணக்காகும், நிறுத்தினால் பழையபடிதான். பக்கவிளைவும் உண்டு, மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். திட்டுத்திட்டாகத் திடீரென்று உதிர்ந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி, வட்டக்கோட்டைக்கு வருகிறவர்கள் காதோரத்து முடியை நம்பி வராதீர்கள்.