மின்சாரக் காருக்கு ஏற்ற கம்பியும் பிரேக்கரும்

பட்டணத்தில் தொழில் புரியும் பிள்ளைகள் சிலர் இப்போது மின்சாரக் காரில் தோட்டத்து வீட்டிற்கு வந்து போகின்றனர். அண்மையில் நான் சென்றிருந்த ஒரு தோட்டத்தில், சன்னல் வழியாக நீட்டுக் கம்பியொன்றை வெளியே இழுத்துக் காருக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தனர். கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். தேநீர்க் குவளையைப் போலச் சுட்டது. "பிரேக்கர் இருக்கிறதே ஐயா, ஆபத்து என்றால் அது விழுந்துவிடாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

விழாது என்பதே விடை. பிரேக்கர், தான் காக்க வேண்டிய சுவர்க் கம்பியின் தாங்குசக்திக்கு ஏற்ப அமைக்கப்படுவது. 20 ஆம்பியர் பிரேக்கரின் கணக்கில் 10 ஆம்பியர் ஓட்டம் ஒரு குறையே அன்று. ஆனால், சுருட்டி வைத்த மெல்லிய நீட்டுக் கம்பி அதே 10 ஆம்பியரில் சூடேறி உருகக்கூடும்.

நீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டியும் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. எனினும் அதன் வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிறது, கம்பியும் ஆறிவிடுகிறது. காரோ இரவு முழுவதும் இழுக்கிறது. தளர்ந்த ஓர் இணைப்பு, ஐந்து நிமிடத்தில் காட்டாத கோளாற்றை ஐந்து மணி நேரத்தில் காட்டிவிடும்.

சுவரில் பொருத்தும் மின்னூட்டியின் கணக்கைப் பார்ப்போம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். 7,360 வாட் மின்னூட்டி இழுப்பது 32 ஆம்பியர். இடைவிடாது ஓடுவதால் கால் பங்கு கூட்டி, 40 ஆம்பியர் பிரேக்கர் வைப்பது வழக்கம். கம்பியின் தாங்குசக்தி அந்த 40-க்கும் குறையாதிருத்தல் வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். சுவரின் மேல் நேரே பதித்த 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 46 ஆம்பியர் தாங்கும். அதையே தகரக் கூரையின் கீழ், 45 பாகை வெக்கையில் இழுத்துச் சென்றால் தாங்குசக்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, 36 ஆம்பியர் அளவில் நின்றுவிடும். நமது கூரைகளின் வெக்கையை நாம் அறிவோம்! அத்தகைய இடத்தில் 10 சதுர மில்லிமீட்டர் கம்பியே தக்கது.

பிரேக்கர் அடிக்கடி விழுந்தால், பெரியதாக ஒன்றை மாற்றிவிடுவோர் உண்டு. கம்பியை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்குவது, காவலாளியை உறங்க வைப்பதற்கு ஒப்பாகும். லயத்து வீடுகளில் ஒரு வீட்டில் பற்றும் தீ அடுத்த வீட்டையும் விடாது.

மேலும், பிரேக்கர் கம்பியைக் காக்குமே தவிர, மின்கசிவு தாக்கும் மனிதரைக் காக்காது. அதற்கு 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் தனியே தேவை; காருக்கு ஏற்ற வகையையே கேட்டு வாங்குக. வீட்டின் மொத்த இணைப்பே 30 ஆம்பியராயின், 32 ஆம்பியர் மின்னூட்டிக்கு அங்கே இடமில்லை.

தோட்ட வீடாயின் முதலில் நிர்வாகத்தின் அனுமதி பெறுக. பின்னர், பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு மின்னூட்டிக்கெனத் தனிக் கம்பி இழுக்கச் செய்க. கம்பியின் பருமன், அது செல்லும் வழி, பிரேக்கரின் ஆம்பியர் ஆகிய மூன்றையும் வேலை தொடங்குமுன் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.