மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் துணைநிலைப் பாத்திரத் தேர்வு: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டில் ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு துணைநிலைப் பாத்திரம் தேவை என்பது பரவலான கருத்து. அத்தேவை காயம் ஆற்றுதல் என்றே பெரும்பாலும் பொருள்கொள்ளப்படுகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிகள் இக்கருத்திற்கு எந்த அளவு இடமளிக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, துணைநிலைப் பாத்திரம், கிளெரிக், உயிர்ப்புள்ளி, பகடை.

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமரும் சிலருள் ஒருவர் நெறியாளராக இருந்து சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவுசெய்யும். முதற்பதிப்பில் போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக் என மூன்று பாத்திர வகைகளே இருந்தன. கவசம் அணிந்து போரிடவும் தெய்வ அருளால் மந்திரம் செய்யவும் வல்லவர் கிளெரிக். காயம் ஆற்றும் மந்திரம் இவருடையது என்பதால், குழுவில் கிளெரிக் யார் என்னும் வினா ஆட்டத் தொடக்கத்திலேயே எழுவது வழக்கமாயிற்று. பிறர் விரும்பியதை எடுத்துக்கொண்டபின் எஞ்சியவர் தலையில் இப்பொறுப்பு விழுவதும் உண்டு. ஒரே கதை பல மாதங்கள் தொடரக்கூடிய விளையாட்டில், விரும்பாத பணியை ஒருவர்மேல் சுமத்துவது சிறிய செய்தியன்று.

பதிப்புகளில் துணைநிலை

1974 விதிகளின்படி முதல்நிலைக் கிளெரிக்கிற்கு மந்திரமே கிடையாது. இரண்டாம் நிலையில்தான் ஒன்று கிட்டும். எனவே கிளெரிக் என்றால் மருத்துவர் என்னும் சமன்பாடு தொடக்கத்திலேயே முழுமையாக அமைந்ததன்று. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, கிளெரிக் ஆயத்தம் செய்துவைத்த வேறு மந்திரத்தைக் கைவிட்டு அதற்கீடாகக் காயம் ஆற்றும் மந்திரத்தைச் செய்ய இடமளித்தது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு துணைநிலைக்குத் ‘தலைவர்’ எனப் பெயரிட்டு, மந்திரம் அறியாத வார்லார்டு என்னும் படைத்தலைவரையும் அதில் சேர்த்தது. துணைநிற்பவர் பிறர்க்கு ஆணையிடும் அதிகாரம் பெற்றவரல்லர் என்பதால் அப்பெயர் பொருந்தவில்லை. ஆயினும் அப்பதிப்பு முதன்மைச் செயலை இழக்காமலேயே பிறர் காயத்தை ஆற்ற வழிசெய்தது. இது விதியமைப்பில் முக்கியமான மாற்றமாகும்.

காயம் ஆற்றுதலும் காயம் தவிர்த்தலும்

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மெய்யறிவுக்கு +3 பெற்ற முதல்நிலைக் கிளெரிக் ‘கியூர் வூண்ட்ஸ்’ மந்திரத்தால் ஓர் எட்டுமுகப் பகடையின் மதிப்போடு 3 சேர்த்து, சராசரியாக 7.5 உயிர்ப்புள்ளிகளை மீட்கிறார். அப்பதிப்பின் ஓர்க் பகைவனுடைய கோடரியின் ஒரு வெட்டு சராசரியாக 9 புள்ளிகளைப் போக்குகிறது. அதாவது, அம்முறைக்குரிய செயலையும் ஒரு மந்திரத்தையும் செலவிட்ட பின்னரும் ஒரு வெட்டின் இழப்பு முழுமையாக ஈடாகவில்லை.

‘பிளெஸ்’ மந்திரமோ மூவருடைய தாக்குதல் உருட்டல்களிலும் தற்காப்பு உருட்டல்களிலும் ஒரு நான்குமுகப் பகடையைக் கூட்டுகிறது. அதன் சராசரி 2.5, இருபதுமுகப் பகடையில் இது 12.5 விழுக்காடு. மூவர் நான்கு சுற்றுகளில் ஆளுக்கொரு முறை தாக்கினால் 12 தாக்குதல்கள், அவற்றில் 1.5 தாக்குதல்கள் கூடுதலாகப் பலிக்கும். நீள்வாளின் ஒரு வீச்சு 7.5 புள்ளி எனில், 11 புள்ளிக்குச் சற்று மிகுதி. 15 உயிர்ப்புள்ளியுடைய ஓர்க்கின் முக்கால் பங்கு இது. விரைவில் வீழும் பகைவன் குறைவான முறையே வெட்டுவான். மேலும், கிளெரிக் இதற்குச் செலவிடுவது முதற்சுற்றின் செயலை மட்டுமே. அடுத்த சுற்றுகளில் அவரும் போரிடலாம். எனினும் இம்மந்திரம் மனவொருமையைச் சார்ந்தது. கிளெரிக் அடிபட்டு உருட்டலில் தோற்றால் பயன் அனைத்தும் அக்கணமே அறும். ஆதலால் அவர் நிற்கும் இடமும் கணக்கில் சேரவேண்டும்.

காயம் ஆற்றுதல் பயனற்றது என்று இதனால் கொள்ளலாகாது. உயிர்ப்புள்ளி சுழியமாகி வீழ்ந்தவர் ஒரு புள்ளி பெற்றாலே எழுந்துவிடுவார். ‘ஹீலிங் வேர்டு’ மீட்பது சராசரி 5.5 புள்ளியே, ஆயினும் 60 அடித் தொலைவிலிருந்து, கூடுதல் செயலாகவே அதைச் செய்யமுடியும். 2024 திருத்தப் பதிப்பு இவ்விரு மந்திரங்களின் பகடைகளையும் இரட்டித்துள்ளது. அங்கே முதற்கண்ட 7.5 என்பது 12 ஆவதால், முற்கூறிய ஒப்பீடு அப்பதிப்பிற்கு அப்படியே பொருந்தாது.

தேர்வு

எனவே தேர்வின்போது கேட்கவேண்டிய வினா, குழுவின் பிறர் எவ்வாறு போரிடுகின்றனர் என்பதே. ஆயுதம் ஏந்தும் மூவர் இருப்பின் ‘பிளெஸ்’ பெரும்பயன் தரும். பகைவரையே தற்காப்பு உருட்டச் செய்யும் மந்திரவாதிகள் மிகுந்த குழுவில் அதன் தாக்குதற் பயன் குன்றும். அங்கே மந்திரவாதிகளை நோக்கி வருபவரைத் தடுத்து நிறுத்துபவரே துணை. மூவரே உள்ள சிறு குழுவில் ஒருவர் வீழ்வது மூன்றிலொரு பங்கு வலிமையை இழப்பதாகும். அங்குத் தொலைவிலிருந்து எழுப்பும் திறன் முதலிடம் பெறும்.

வாளேந்திப் போரிட விழைபவரிடம் துணைநிலையை ஒப்படைக்க நேர்ந்தால் பாலடின் வகை பொருந்தும். தம் நிலையின் ஐந்து மடங்கு உயிர்ப்புள்ளிகளை இவர் தொடுதலால் வழங்கலாம். ஆறாம் நிலை முதல் 10 அடிக்குள் நிற்கும் தோழர்களின் தற்காப்பு உருட்டல்கள் இவருடைய ஈர்ப்புத் திறனால் உயரும். இவ்வுயர்வுக்கு இவர் எச்செயலையும் செலவிட வேண்டியதில்லை.

போருக்கு இடைப்பட்ட ஓய்வில், ஒவ்வொருவரும் தம்முடைய நிலைக்கேற்ற பகடைகளை உருட்டிப் புள்ளிகளை மீட்டுக்கொள்ள ஐந்தாம் பதிப்பு இடமளிக்கிறது. இதற்குக் கிளெரிக் தேவையில்லை. 5 பொற்காசு விலையுள்ள மருத்துவப் பை 10 முறை பயன்படும். அது புள்ளியை மீட்காது. ஆனால் வீழ்ந்தவர் இறந்துபடாமல் எவ்வகை உருட்டலுமின்றிக் காக்கும். அப்பையை யாரும் சுமக்கலாம். பை வைத்திருப்பவரே வீழக்கூடும் என்பதால் இருவரிடம் ஒவ்வொன்று இருப்பது நன்று.