மருந்துச் சீட்டு – 11: விலை குறைந்தால் பிரஷர் கேட்காதா?

நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி தென்படும் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று அம்லோடிபின். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் பத்து மாத்திரை கொண்ட அட்டை பத்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். பெயர்போன பிராண்டாகக் கடையில் வாங்கினால் அதைப் போலச் சில மடங்கு ஆகும். உள்ளே இருப்பதோ ஒரே பொருள், ஒரே ஐந்து மில்லிகிராம். ஆனாலும் ‘கவர்மென்ட் மாத்திரைக்கு பிரஷர் கேட்காது’ என்ற பேச்சு ஓயவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த பிறகும் அது தொடர்கிறது. இதைப் படிக்காதவர் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. படித்தவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். வாயில் போடும் பொருள் தரமானதா என்று கேட்பதில் தவறே இல்லை. அதற்கான விடையை விலைச்சீட்டில் தேடுவதில்தான் கோளாறு.

முதலில் மாத்திரை செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசை சுருங்க வேண்டுமானால் அதற்குள் கால்சியம் போக வேண்டும். அந்த வழியை அம்லோடிபின் அடைக்கிறது; தசை தளர்ந்து குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. உடம்பை விட்டுப் போக அவசரப்படாத மருந்து இது. இரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒரு மாத்திரை போதுமென்பது அதனால்தான். ஆனால் தினமும் போட்டாலும் மருந்தின் அளவு நிலைபெற ஏழெட்டு நாள் பிடிக்கும் என்பதால், மூன்றாம் நாளே பிரஷரைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். இன்னொரு விளைவு கொஞ்சம் விபரீதமானது. குளோனிடின் போன்ற மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும், உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். அம்லோடிபினை விட்டால் அழுத்தம் நாளுக்கு நாள் மெல்ல ஏறுமே தவிர, பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. மாதக் கடைசியில் கை கடிக்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமே என்று தோன்றுவதற்கு இந்த அமைதி இடம் கொடுக்கிறது. விலை வேறு, பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் பேசுவது இங்கே செல்லாது. பேர்பெற்ற பிராண்டை வாரத்தில் நான்கு நாள் போடுகிறவரைவிட, இலவச மாத்திரையை ஏழு நாளும் போடுகிறவருக்குப் பக்கவாத அபாயம் குறைவு.

அம்லோடிபின் எப்போதும் மலிவாக இருந்ததில்லை. ஃபைசர் நிறுவனத்தின் நார்வாஸ்க் என்ற பெயரில் 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது புது மருந்து, காப்புரிமை பெற்ற விலை. 1994இல் அந்நாட்டு அரசின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் ‘ஆல்ஹாட்’ என்ற ஆய்வைத் தொடங்கியதற்கும் விலைதான் பின்னணி. புதிய, விலை கூடிய மாத்திரைகள் பழைய, சல்லிசான நீர் மாத்திரையைவிட உண்மையில் மேலானவையா? 55 வயதானவர்களும் அதற்கு மேற்பட்டவர்களுமாக 33,357 பேரில் சிலருக்குக் குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை, சிலருக்கு அம்லோடிபின், சிலருக்கு லிசினோபிரில் கொடுத்துச் சராசரியாக ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2002 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. மாரடைப்பிலும் இதயத் தமனி நோயால் நேர்ந்த சாவிலும் மூன்றுக்கும் வேறுபாடில்லை. இதயச் செயலிழப்பில் நீர் மாத்திரை அம்லோடிபினை முந்தியது: ஆறாண்டுக் கணக்கில் அதில் 7.7 சதவீதம், அம்லோடிபினில் 10.2 சதவீதம். ஆக, விலை உச்சத்தில் இருந்தபோது அம்லோடிபின் மலிவு மாத்திரையை வெல்லவில்லை. 2007இல் அமெரிக்காவில் காப்புரிமை போய் மலிவான பிறகு அதன் மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின் சிகிச்சை நெறி பலருக்கு முதல் படியாகவே அம்லோடிபின் ஐந்து மில்லிகிராமை வைத்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. இதற்கு வழக்கமாக இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை; ஒரு செவிலியரால் தொடர்ந்து கண்காணிக்க முடியும்.

பிறகு கடைவிலை ஏன் இத்தனை விதமாக இருக்கிறது? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பெரும்பாலும் இரண்டு முகவரி இருக்கும்; ஒன்று தயாரித்தவர், மற்றது சந்தைப்படுத்துபவர். இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி போன்ற ஊர்களில் இருக்கும் ஒரே ஆலை பல கம்பெனிகளுக்கு மாத்திரை அடித்துக் கொடுக்கிறது. விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு மருந்துக்கு அப்பால்தான் போகிறது: மெடிக்கல் ரெப், விளம்பரம், கடைக்காரரின் லாபம். அம்லோடிபின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு அரசின் உச்சவரம்பு விலை உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை அந்த வரம்பை உற்பத்திச் செலவிலிருந்து கணக்கிடுவதில்லை. சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் பிராண்டுகளின் விலைக்குச் சராசரி எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறது. அதாவது சந்தை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த விலையையே சற்று மட்டம் தட்டிச் சட்டமாக்குகிறது. மொத்த விலைக் குறியீட்டுக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஏற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. 2023 ஏப்ரலில் மட்டும் 12 சதவீதத்துக்கு மேல் ஏற அனுமதி கிடைத்தது. கடைக்காரர் மலிவாக வாங்கும் சில ஜெனரிக் அட்டைகளிலும் எம்.ஆர்.பி. பிராண்டுக்கு நிகராக அச்சாகியிருக்கும். அந்த இடைவெளி நோயாளி கைக்கு வந்துசேர்வதில்லை.

இனித் தரம். தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம் 1994இல் உருவானது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் அந்தக் கழகம், வரும் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. தேறிய பிறகே சரக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தவறும் கம்பெனி கறுப்புப் பட்டியலில் ஏறும். தனியார் கடையில் விற்கும் அட்டைக்கு இப்படியொரு வெளியார் சோதனை தொகுதிதோறும் கிடையாது. தயாரிப்பாளரின் சொந்தச் சோதனையும், மருந்து ஆய்வாளர் அவ்வப்போது எடுக்கும் மாதிரியும்தான். கழகத்திலும் குறைகள் உண்டு, தட்டுப்பாடு வருவதும் உண்டு. ஆனால் ஒரு நேர்மையான ஒப்பீட்டில், நாம் சந்தேகப்படும் மாத்திரைதான் கூடுதலாக ஒரு வடிகட்டலைத் தாண்டி வருகிறது. போலி அடிப்பவனும் நன்றாக விலைபோகும் பெயரைத்தான் தேடுவான். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட பட்டியலில் பிரபல பிராண்டுகளின் போலிகளும் இருந்தன.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் வல்சார்டன் விவகாரம். அதுவும் பிரஷர் மாத்திரைதான். சீனாவின் செஜியாங் ஹுவாஹாய் ஆலை தன் தயாரிப்பு முறையை மாற்றியதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு மூலப்பொருளில் கலந்தது. 2018 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் பல கம்பெனிகளின் ஜெனரிக் அட்டைகளைத் திரும்பப் பெற்றன. மூல நிறுவனத்தின் டயோவன் அமெரிக்காவின் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் பிராண்டே மேல் என்று ஆகிவிடாதா? மாசு வந்தது மூலப்பொருள் ஆலையிலிருந்து. அங்கிருந்து வாங்கிய கம்பெனிகளில் பெரிய பெயர்களும் இருந்தன, விலை அவற்றைக் காப்பாற்றவில்லை. வழக்கமான தரச் சோதனைகள் இந்த மாசைத் தேடவே இல்லை என்பதுதான் அதில் கவலைக்குரிய செய்தி. அமெரிக்க மருந்து நிர்வாகம் அப்போது போட்ட கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: மாசு கலந்த மாத்திரையை உச்ச அளவான 320 மில்லிகிராமில் நான்கு ஆண்டுகள் தினமும் போட்ட 8,000 பேரில், வாழ்நாளில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம். அதனால்தான் மாற்று மருந்து கைக்கு வரும்வரை இருப்பதை நிறுத்த வேண்டாம் என்று அதே நிர்வாகம் சொன்னது. ஜெனரிக் வேண்டாம் என்று முடிவெடுப்பதைவிட, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அட்டையிலேயே அச்சிடச் சொல்லிக் கேட்பது பொருத்தமான பாடம்.

கடைசியாகக் கால் வீக்கம். ‘இலவச மாத்திரை போட்டேன், கணுக்கால் வீங்கிவிட்டது’ என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. வீக்கம் உண்மை, ஆனால் எந்தக் கம்பெனி அட்டையானாலும் வரும். அளவு ஏற ஏற அதிகமாகும்: ஐந்து மில்லிகிராமில் சுமார் 3 சதவீதம் பேருக்கு, பத்தில் 10 சதவீதத்துக்கு மேல், பெண்களுக்குக் கூடுதல். சிறு தமனிகள் விரிந்து, சிரைகள் அதே அளவு விரியாததால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்த வீக்கமில்லை என்பதால் நீர் மாத்திரைக்கு இது சரியாகக் கேட்காது. ஆனாலும் பல இடங்களில் நடப்பது அதுதான்: ஒரு மாத்திரை தந்த வீக்கத்தைப் புது நோயாக எண்ணி இன்னொரு மாத்திரை எழுதுவது. கனடாவின் ஒன்டாரியோவில் முதியவர்களின் பதிவேடுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வு இந்தச் சங்கிலியைத் தெளிவாகக் காட்டியது. இரண்டாவது மாத்திரைக்கும் காசு, அதனால் சோடியமும் பொட்டாசியமும் குறைந்தால் அதற்கொரு செலவு. வீக்கம் வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், எழுதிய மருத்துவரிடம் ‘அம்லோடிபினால் இருக்குமோ’ என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்க்கலாம். அந்த வகை மருந்து சிரைகளையும் விரிப்பதால் வீக்கம் குறையும். இரண்டையும் ஒரே மாத்திரையாக அடித்துத் தரும் ‘காம்பினேஷன்’ அட்டைகளின் விலைக்கதை தனி. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.